எக்செல் கோப்பைப் பிறர் பார்க்காமல் காப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், விலைக் கணக்கு போன்றவற்றை எக்செலில் வைத்திருப்பவர்கள் அவற்றின் பாதுகாப்பைப் பற்றி என்னிடம் அடிக்கடி ஐயம் கேட்பார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அவற்றை அவரவர் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மெனுப் பெயர்கள் விண்டோஸ் கணினியில் ஆங்கில எக்செல் காட்டுகிறபடியே தரப்பட்டுள்ளன.

1. எக்செல் ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்க வேண்டும். எங்கே போடுவது?

ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்தைத் திறந்து, புரொடெக்ட் ஒர்க்புக் பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடவுச்சொல்லை இருமுறை கேட்கும். அதன்பின் கோப்பைச் சேமித்தால்தான் பூட்டு விழும். சேமிக்காமல் மூடினால் கோப்பு முன்பிருந்தபடியே இருக்கும். கடவுச்சொல்லை நீக்க விரும்பினால் அதே இடத்துக்குச் சென்று கட்டத்தைக் காலியாக்கிவிட்டுச் சேமிக்கலாம்.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறு எழுத்துகளாகவே கொள்ளப்படும். கேப்ஸ் லாக் போட்டிருந்ததையோ விசைப்பலகை தமிழுக்கு மாறியிருந்ததையோ கவனிக்காமல் கடவுச்சொல் இட்டுவிட்டு, மறுநாள் திறக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. எனவே சேமித்து மூடிய உடனே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்துவோருக்குக் கோப்பைச் சேமிக்கும் பெட்டியிலேயே சேவ் வித் பாஸ்வேர்டு என்ற தேர்வு இருக்கும்.

2. நான் ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறேனே, அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன. முதல் பதிலில் சொன்ன முறை, கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் மறையாக்கம் செய்கிறது. கடவுச்சொல் இல்லாதவர் கையில் அந்தக் கோப்பு கிடைத்தாலும் அதில் இருப்பது அவருக்குப் பொருளற்ற எழுத்துக் குவியல்தான். ரிவ்யூ மெனுவில் உள்ள புரொடெக்ட் ஷீட், புரொடெக்ட் ஒர்க்புக் ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல. அவை, ஏற்கெனவே கோப்பைத் திறந்துவிட்ட ஒருவர் எந்தக் கட்டத்தை மாற்றலாம், எந்தத் தாளை நீக்கலாம் என்பதை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. உள்ளே இருக்கும் எண்களும் பெயர்களும் மறையாக்கம் செய்யப்படாமல் அப்படியே கிடக்கின்றன.

எக்செல் இன்று இயல்பாகச் சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. அதை ஜிப்பாக விரித்தால் ஒவ்வொரு தாளும் எக்ஸ்எம்எல் என்னும் தனித்தனி உரைக் கோப்பாகக் கிடைக்கும். தாளின் பாதுகாப்பு அதில் ஒரே ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். அந்த வரியை அழித்துவிட்டு மீண்டும் ஜிப்பாக்கினால், கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தாள் திறந்துகொள்ளும். யாரும் எதையும் உடைக்க வேண்டியதே இல்லை. தாள் அளவிலான பாதுகாப்பு பாதுகாப்பு வசதியாகக் கருதி உருவாக்கப்பட்டதல்ல என்று மைக்ரோசாஃப்டின் உதவிக் குறிப்பே வெளிப்படையாகச் சொல்கிறது.

3. அப்படியானால் புரொடெக்ட் ஷீட் எதற்காகத்தான் இருக்கிறது?

கைதவறி நேரும் பிழைகளைத் தடுப்பதற்காக. பத்துப் பேர் நிரப்பும் படிவத்தில் யாரோ ஒருவர் கூட்டல் சூத்திரத்தின் மேல் எண்ணைத் தட்டிவிடுவது அன்றாடம் நடப்பது. அதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. எக்செலில் எல்லாக் கட்டங்களும் இயல்பாகவே லாக்டு என்று குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், பிறர் நிரப்ப வேண்டிய கட்டங்களை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸ் பெட்டியின் புரொடெக்ஷன் பகுதியில் அந்தக் குறியை எடுத்துவிட்டு, அதன்பின் தாளைப் பூட்டுங்கள்.

4. சேவ் ஆஸ் செய்யும்போது ‘பாஸ்வேர்டு டு ஓபன்’, ‘பாஸ்வேர்டு டு மாடிஃபை’ என்று இரண்டு கேட்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. சேவ் ஆஸ் பெட்டியில் டூல்ஸ் பொத்தானுக்குள் ஜெனரல் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் இவை இருக்கின்றன. முதலாவது, முதல் பதிலில் சொன்ன அதே மறையாக்கம். இரண்டாவது வெறும் வேண்டுகோள். கடவுச்சொல் தெரியாதவர் ரீட் ஒன்லி என்பதை அழுத்தி எல்லாவற்றையும் படிக்கலாம்; வேறு பெயரில் சேமித்து விருப்பம்போல் திருத்தவும் செய்யலாம். மார்க் ஆஸ் ஃபைனல் என்பதும் இப்படித்தான்: எடிட் எனிவே என்ற பொத்தானை அழுத்தினால் விலகிவிடும்.

5. யூடியூபில் ஐந்து நிமிடத்தில் எக்செல் பாஸ்வேர்டை உடைத்துக் காட்டுகிறார்களே! இந்தப் பூட்டை எப்படி நம்புவது?

அந்தக் காணொளிகளைக் கவனித்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் கோப்பு முதலிலேயே திறந்திருக்கும்; நீக்கப்படுவது இரண்டாம் பதிலில் சொன்ன தாள் பாதுகாப்பாகவே இருக்கும். திறப்பதற்கான கடவுச்சொல்லின் கதை வேறு. எக்செல் 97 முதல் 2003 வரையிலான எக்ஸ்எல்எஸ் கோப்புகளில் இயல்பாக அமைந்திருந்த 40 பிட் மறையாக்கத்தை இன்றைய கணினிகள் எளிதாக உடைத்துவிடும். 2007 பதிப்பில் ஏஇஎஸ் என்னும் வலுவான முறையில் 128 பிட் மறையாக்கம் வந்தது. அத்துடன், ஒவ்வொரு கடவுச்சொல்லையும் சரிபார்ப்பதற்கு முன் 50,000 முறை கணக்கிட வேண்டிய அமைப்பும் சேர்ந்தது. அந்த எண்ணிக்கை 2010 பதிப்பில் 1,00,000 ஆனது. 2016 பதிப்பிலிருந்து 256 பிட் ஏஇஎஸ் இயல்புநிலையாகிவிட்டது. இந்த மறையாக்கத்தை நேரடியாக உடைப்பதற்கு நடைமுறையில் வழியில்லை.

ஆகவே உடைக்க நினைப்பவர் கடவுச்சொல்லை ஊகிக்கத்தான் முயல்வார். வங்கிக் கணக்கில் சில முறை தவறாக இட்டால் கணக்கு முடங்கும். எக்செல் கோப்பு அப்படி முடங்காது. கோப்பைத் தன் கணினிக்கு எடுத்துச் சென்றவர் யாருக்கும் தெரியாமல், எத்தனை இலட்சம் முறை வேண்டுமானாலும், நாள்கணக்கில் முயன்று பார்க்கலாம். நிறுவனப் பெயருடன் ஆண்டைச் சேர்த்து வைக்கும் கடவுச்சொற்கள் அந்த முயற்சியின் முதல் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதிய நீளமான தொடரே இங்கே பொருத்தமானது. நடுவில் ஓர் எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போடும் உத்தியால் பெரிய பயனில்லை.

பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு இன்னும் புழக்கத்தில் இருந்தால், அதை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் சேமித்துப் புதிய கடவுச்சொல் இட்டு, பழையதை நீக்கிவிடுங்கள்.

6. பாஸ்வேர்டு மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டிடம் கேட்டு வாங்கலாமா?

முடியாது. கடவுச்சொல் அவர்களிடம் இல்லை. பின்வாசல் வழியும் இல்லை. அதனால்தான் கடவுச்சொல்லை ஒருவர் நினைவில் மட்டும் விட்டுவைப்பது அபாயம் என்கிறேன். கடவுச்சொல் மேலாண்மைச் செயலி ஒன்றில் பதிந்து, பொறுப்புள்ள இன்னொருவருக்கும் அதில் அணுகல் தந்துவையுங்கள். கோப்புக்குப் பக்கத்திலேயே பாஸ்வேர்டு என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பை வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பூட்டாமலே இருந்துவிடலாம்.

7. சம்பள நெடுவரிசையை மட்டும் ஹைட் செய்து மற்ற பிரிவுக்கு அனுப்பினால் என்ன?

அனுப்பாதீர்கள். நெடுவரிசையையோ தாளையோ மறைப்பது பார்வைக்காகச் செய்யும் ஏற்பாடு. வலது சொடுக்கில் அன்ஹைட் என்று அழுத்தினால் வந்துவிடும். அன்ஹைட் பட்டியலிலேயே பெயர் தெரியாதபடி தாளை ‘வெரி ஹிடன்’ நிலைக்கு மாற்றும் உத்தி ஒன்று உண்டு. ஆனால் ஆல்ட் விசையுடன் எஃப்11ஐ அழுத்தி விஷுவல் பேசிக் திரையைத் திறப்பவர் அந்தத் தாளின் பெயரை அங்கே காண்பார். பெயர் தெரிந்துவிட்டால், வேறொரு கோப்பிலிருந்து அந்தத் தாளின் கட்டத்தைச் சுட்டி ஒரு சூத்திரம் எழுதினாலே எண் கைக்கு வந்துவிடும்.

இது வெறும் அச்சமூட்டல் அல்ல. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கோரிய ஒருவருக்குப் பதிலாக ஓர் எக்செல் கோப்பை அனுப்பியது. அதில் மறைந்திருந்த ஒரு தாளை யாரும் கவனிக்கவில்லை. ஏறத்தாழ 9,500 காவலர்கள், பணியாளர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை இணையத்தில் வெளியாகிவிட்டன. தங்கள் வேலையை அக்கம்பக்கத்தாரிடம்கூடச் சொல்லாமல் வாழ வேண்டிய பலர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024இல் இதற்கு 7,50,000 பவுண்ட் அபராதம் விதித்தது.

8. மூலத் தரவு இருந்த ஷீட்டையே அழித்துவிட்டு பிவட் டேபிளை மட்டும் அனுப்பினேன். இப்போது பிரச்சினை இல்லையே?

பிரச்சினை இருக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத வகையில். தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை, தன் மூலத் தரவின் நகல் ஒன்றைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். தாளை அழித்தாலும் அந்த நகல் கோப்பில் தங்கிவிடும். நீங்களே சோதித்துப் பாருங்கள்: பிரிவுவாரியான மொத்தத் தொகை மட்டும் தெரியும் ஒரு பிவட்டில், அடிமூலையில் உள்ள கிராண்ட் டோட்டல் எண்ணின் மேல் இருமுறை சொடுக்குங்கள். புதிய தாள் ஒன்று திறந்து, ஒவ்வொரு ஊழியரின் பெயரும் ஊதியமும் வரிசை வரிசையாக வந்து நிற்கும்.

அனுப்புவதற்கென்று புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து எண்களை மட்டும் ஒட்டுவதே நான் பரிந்துரைக்கும் வழி. பிவட் அமைப்புகளில் மூலத் தரவைக் கோப்புடன் சேமிக்காமலிருக்கும் தேர்வும் இருக்கிறது; ஆனால் அதைச் சரியாகச் செய்தோமா என்று ஒவ்வொரு முறையும் சந்தேகப்படுவதைவிடப் புதிய கோப்பு எளிது. எக்செல் வரைபடத்தை வேர்டிலோ பவர்பாயிண்டிலோ ஒட்டும்போதும் இதே எச்சரிக்கை தேவை. எம்பெட் செய்து, அதாவது எக்செல் கோப்பையே உள்ளே பதித்து, ஒட்டினால் முழுக் கோப்பும் கூடவே போய்ச் சேரும். படமாக ஒட்டினால் படம் மட்டும் போகும்.

9. இப்படி ஒளிந்திருப்பதையெல்லாம் அனுப்பும் முன் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

ஃபைல் மெனுவின் இன்ஃபோ பக்கத்தில் செக் ஃபார் இஷ்யூஸ் என்பதற்குள் இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட் இருக்கிறது. மறைந்த தாள்கள், வரிசைகள், நெடுவரிசைகள், குறிப்புரைகள், ஆசிரியர் பெயர் போன்றவற்றை அது தேடிக் காட்டும். அது நீக்கும் சில விவரங்களை மீட்க முடியாது என்பதால் நகல் ஒன்றில் மட்டும் இயக்குங்கள்.

கருவி எதுவும் இல்லாமலே கிடைக்கும் ஒரு தடயமும் உண்டு. ஒரு பக்க அறிக்கை மட்டும் இருக்க வேண்டிய கோப்பு சில மெகாபைட் அளவுக்குக் கனமாக இருந்தால், படம் எதுவும் இல்லாத நிலையில், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

10. ஒரே ஃபைலில் பிரிவுக்கு ஒரு ஷீட் வைத்து, அவரவர் பாஸ்வேர்டு போட்டால் அவரவர் ஷீட் மட்டும் தெரியும்படி மேக்ரோ எழுத முடியுமா?

மேக்ரோ என்னும் சிறு நிரலாக எழுத முடியும்; ஆனால் அது பாதுகாப்பு ஆகாது. மேக்ரோவை முடக்கிவிட்டுக் கோப்பைத் திறப்பவருக்கு அந்தக் காவல் வேலையே செய்யாது. மேக்ரோ நிரலுக்கு இடும் கடவுச்சொல்லும் மறையாக்கம் அல்ல. அதை விலக்கும் முறை பல காலமாகப் பலரும் அறிந்ததே. தாள்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கும்வரை, கோப்பைத் திறக்க முடிந்தவர் எல்லாத் தாள்களையும் படிக்க முடிந்தவர்தான். எக்செலில் பார்வை உரிமையின் எல்லை கோப்பு, தாள் அல்ல.

எனவே யார் எதைப் பார்க்கலாம் என்ற கோட்டிலேயே கோப்புகளைப் பிரியுங்கள். பிரிவுக்கு ஒரு கோப்பு. எல்லாவற்றையும் தொகுக்கும் மூலக் கோப்பு மட்டும் மேலாளரின் கட்டுப்பாட்டில். தொகுக்கும் வேலையை எக்செலில் உள்ள பவர் குவெரி வசதி செய்துவிடும்: பிரிவுக் கோப்புகள் உள்ள ஃபோல்டரைச் சுட்டிவிட்டால், ரிஃப்ரெஷ் அழுத்தும்போதெல்லாம் புதிய வரிசைகளை இழுத்துக்கொள்ளும்.

இங்கே திசை முக்கியம். மூலக் கோப்பு பிரிவுக் கோப்புகளிலிருந்து வாசிக்கலாம். பிரிவுக் கோப்புகள் மூலக் கோப்பிலிருந்து வாசிக்கக் கூடாது. வேறு கோப்பை இணைத்து எழுதும் சூத்திரங்கள், அங்கிருந்து கடைசியாக வாசித்த மதிப்புகளை இந்தக் கோப்பிலும் சேமித்து வைப்பது எக்செலின் இயல்பு. ஊழியர் ஒருவரின் ஊதியத்தைத் தேட முழு ஊதிய நெடுவரிசையையும் சுட்டி விலுக்அப் என்னும் தேடல் சூத்திரம் எழுதினால், அந்த நெடுவரிசையின் மதிப்புகள் அனைத்தும் பெறுநரின் கோப்புக்குள் சென்று அமர்ந்துகொள்ளக்கூடும்.

11. சர்வரில் ஃபோல்டருக்கே அனுமதி வைத்திருக்கிறோம். அப்புறமும் பாஸ்வேர்டு வேண்டுமா?

ஃபோல்டர் அனுமதியே முதன்மையான காவல் என்பது என் கருத்து. அது ஆளைப் பார்த்து அனுமதிக்கிறது. ஒருவரின் பெயரை எடுத்துவிட்டால் அன்றே அவருக்கு வழி அடைபடுகிறது. தணிக்கைப் பதிவை இயக்கியிருந்தால் யார் எப்போது திறந்தார்கள் என்பதும் தெரியும். கடவுச்சொல்லுக்கு இவை எதுவும் தெரியாது. ஐந்து பேருக்குத் தெரிந்த கடவுச்சொல்லை யார் பயன்படுத்தினார் என்று எந்தக் கோப்பும் சொல்வதில்லை.

ஆனால் கோப்பு அந்த ஃபோல்டரை விட்டு மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ வெளியேறிய கணமே ஃபோல்டர் அனுமதி பின்தங்கிவிடும். சர்வர் நிர்வாகியும் காப்புநகல்களைக் கையாள்பவரும் கோப்பைப் படிக்கவும் முடியும். இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குக் கவலை தந்தால் கடவுச்சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12. பாஸ்வேர்டு போட்ட பிறகு நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் திருத்த முடியவில்லை. ஏன்?

கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்த கோப்பில் ஒரே நேரத்தில் பலர் திருத்தும் வசதி இயங்காது. சேர்ந்து எழுத வேண்டிய கோப்பு என்றால் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, ஒன்டிரைவிலோ ஷேர்பாயிண்டிலோ வைத்து, பெயர் குறித்து அனுமதி கொடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன ஃபோல்டர் அனுமதியின் அதே தர்க்கம்தான்.

13. கூகுள் ஷீட்ஸில் பாஸ்வேர்டு ஆப்ஷனே காணோமே?

இல்லை, அங்கே பூட்டு கூகுள் கணக்குதான். ஷேர் பெட்டியில் ஜெனரல் ஆக்சஸ் என்பது ரெஸ்டிரிக்டட் என்று இருந்தால் நீங்கள் சேர்த்த கணக்குகள் மட்டும் திறக்கலாம். எனிஒன் வித் த லிங்க் என்று இருந்தால் இணைப்பு யார் கையில் சேர்ந்தாலும் அவர் உள்ளே வரலாம். அவசரத்துக்கு அப்படி மாற்றிவிட்டுத் திருப்பி மாற்ற மறந்தவைதான் நான் பார்த்ததில் அதிகம். அதே பெட்டியின் அமைப்புகளில், திருத்துபவர்கள் பிறருக்குப் பகிரலாமா, பார்ப்பவர்கள் பதிவிறக்கவும் நகலெடுக்கவும் செய்யலாமா என்ற இரு தேர்வுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். புரொடெக்டட் ரேஞ்ச் வசதி, மூன்றாம் பதிலில் சொன்னதுபோல், பிழையைத் தடுக்க மட்டுமே.

வேறொரு கோப்பிலிருந்து தரவை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் சூத்திரத்தில் பலரும் அறியாத ஒரு பொறி இருக்கிறது. ஒரு சிறு பகுதியை இழுப்பதற்காக நீங்கள் அனுமதி கொடுத்தாலும், இழுத்த கோப்பைத் திருத்தும் உரிமை உள்ள எவரும் சூத்திரத்தை மாற்றி எழுதி உங்கள் மூலக் கோப்பின் எந்தத் தாளிலிருந்தும் தரவை எடுக்கலாம். அனுமதி பகுதிக்கு அல்ல, கோப்புக்கு.

14. ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்டு, பாஸ்வேர்டை அடுத்த மெயிலில் அனுப்புகிறோம். சரிதானே?

அதே அஞ்சல் பெட்டிக்குத்தான் இரண்டும் போகின்றன. அதைத் திறந்தவருக்கு இரண்டும் கிடைக்கும். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். தரவை வெறும் உரையாகச் சேமிக்கும் சிஎஸ்வி வடிவில் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த வடிவத்தில் கடவுச்சொல்லும் மறையாக்கமும் ஒட்டிக்கொள்ளாது, எனவே ஏஇஎஸ்-256 மறையாக்கத்துடன் செவன்-ஜிப்பில் சுருக்கி அனுப்புங்கள்.

15. வேலையை விட்டுப் போனவருக்குப் பாஸ்வேர்டு தெரியும். மாற்றிவிட்டால் போதும்தானே?

இனி சேமிக்கப்படும் கோப்புக்கு மட்டும் போதும். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் நகல் பழைய கடவுச்சொல்லுக்குத் திறந்துகொண்டேதான் இருக்கும். காப்புநகல்களிலும் பழைய பதிப்புகளிலும் இருப்பவையும் அப்படியே. கொடுத்த கடவுச்சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு வழி கிடையாது.

திரும்பப் பெறக்கூடிய உரிமை வேண்டுமென்றால், நிறுவனச் சந்தாவில் மைக்ரோசாஃப்ட் தரும் சென்சிடிவிட்டி லேபிள், ரைட்ஸ் மேனேஜ்மெண்ட் வசதிகளை நாட வேண்டும். அவற்றில் கோப்பு எங்கே போனாலும் பயனரின் கணக்கைச் சரிபார்த்தே திறக்கும். கணக்கை முடக்கினால், இடைக்காலத்துக்கென்று தரப்பட்ட அனுமதி காலாவதியானதும் கோப்பும் அவருக்கு மூடிவிடும். நகலெடுப்பதையும் அச்சிடுவதையும் தடுக்கலாம். திரையைக் கைபேசியில் படம் பிடிப்பவரை எந்த வசதியும் தடுக்காது.

16. எல்லாம் செய்துவிட்டேன். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் யாராவது என் கணினியில் பார்த்தால்?

திறந்து வைத்த கோப்புக்கு மறையாக்கம் உதவாது. எழும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். வட்டு முழுவதையும் மறையாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருக்கிறதே என்பார்கள்; அது அணைத்து வைத்த மடிக்கணினி திருடுபோனால் காப்பாற்றும், நீங்கள் உள்நுழைந்து விட்டுச்சென்ற கணினியைக் காப்பாற்றாது.

17. பாஸ்வேர்டு மறந்துபோன எங்கள் ஃபைலைத் திறந்து தருவதாகச் சில வெப்சைட்கள் சொல்கின்றன. ஏற்றலாமா?

ஏற்றினால், யாரும் பார்க்கக் கூடாது என்று பூட்டிய கோப்பை முன்பின் தெரியாதவர் கையில் நீங்களே கொடுக்கிறீர்கள். ஐந்தாம் பதிலில் சொன்ன ஊகிக்கும் வேலையைத்தான் அவர்களும் செய்வார்கள். வெற்றி பெற்றால் உங்கள் தரவு முதலில் அவர்களுக்குத்தான் திறக்கும்.

அதற்கு முன், கடவுச்சொல் இடப்படுவதற்கு முந்தைய பதிப்பைத் தேடுங்கள். ஒன்டிரைவின் வெர்ஷன் ஹிஸ்டரி, சர்வர் காப்புநகல், அனுப்பிய அஞ்சல்களின் இணைப்புகள், தரவு முதலில் எடுக்கப்பட்ட கணக்கு மென்பொருள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் அது இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. எதுவும் கிடைக்காவிட்டால், கோப்பின் உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன், இணையத்தில் இணைக்கப்படாத கணினி ஒன்றில் உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவே மீட்புக் கருவியை இயக்கிப் பார்க்கட்டும். கடவுச்சொல்லில் நினைவிலிருக்கும் சொற்கள், உத்தேச நீளம், வழக்கமாகச் சேர்க்கும் எண்கள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் தேடல் பெருமளவு சுருங்கும்.